ஊர் வாய் திறக்க வேண்டும்: கடலோரப் பாடகர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தெற்கே மூக்கையூர் தொடங்கி மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் வழியாக வடக்கே தொண்டி வரைக்கும் நம் கடற்கரைப் பங்குக் கோவில்களில் பாடுகிற தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும், கீபோர்டு வாசிப்பவர்களுக்கும், தபேலாவும் பேடும் தட்டுபவர்களுக்கும், மைக் செட் பார்ப்பவர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

உங்களைப் பாராட்ட நிறைய இருக்கிறது. படிப்புக்கும் வேலைக்கும் நடுவில் நேரம் ஒதுக்கி, ஞாயிறு விடியுமுன் எழுந்து, ஒரு பைசா வாங்காமல் கோவிலுக்கு வந்து நிற்கிறீர்கள். எங்கள் காலத்தில் ஓர் ஆர்மோனியமும் ஒரு டோலக்கும் இருந்தால் அதுவே பெரிது. நீங்கள் குரல் பிரித்துப் பாடுகிறீர்கள், சுரம் எழுதிப் படிக்கிறீர்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு கவலை மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்த மடல். நீங்கள் பாடப் பாட, ஊர் பாடுவது குறைந்துகொண்டே போகிறது.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. எங்கள் பங்கில் பல வருடம் பாடலுக்குப் பொறுப்பாக இருந்தவள். இப்போது பெண்கள் பக்கம் தூணோரமாக உட்கார்கிறேன். பீடத்தின் அருகில் நின்று பாடும்போது தெரியாத பல விஷயங்கள் அங்கே உட்கார்ந்தால்தான் தெரிகின்றன. வருகைப் பாடல் தொடங்கும். பல்லவியின் முதல் வரிக்கு என்னைச் சுற்றி உள்ளவர்களின் உதடு அசையும். சரணம் மேலே ஏறும். பக்கத்தில் பாசி எடுக்கப் போகும் அக்கா ஒருத்தி, கடல் தண்ணீரில் ஊறி வெடித்த விரல்களால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாயை மூடிக்கொள்வாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. மூன்றாவது சரணம் வரும்போது பெண்கள் பக்கம் முழுவதும் டிவி திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஆண்கள் பக்கம் கேட்கவே வேண்டாம். பாதிப் பேர் முகப்பில் கைகட்டி நிற்கிறார்கள்.

இவர்களுக்குப் பாட வராது என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள். கரைவலை இழுக்கும்போது ஒருவர் எடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பிடித்திருக்கும் அத்தனை பேரும் வாங்கிப் பாடிய அம்பாப் பாட்டுகள் இந்தக் கரையில்தான் பிறந்தன. எடுத்துக் கொடுப்பவர் குரல் எங்கே நிற்கும், மற்றவர்கள் எங்கே ஏறுவார்கள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாட்டு தளர்ந்தால் வலையும் தளரும் என்று எல்லாருக்கும் தெரியும். கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்குப் போய்வந்தவர்களைக் கேளுங்கள். இரு கரையிலிருந்தும் வந்த மக்கள் ஒன்றாகச் சிலுவைப்பாதையில் நடக்கும்போது, பாட்டுப் புத்தகம் இல்லாமல், திரை இல்லாமல், காற்றை மீறிப் பாடுவார்கள். அதே ஆட்கள்தான் ஞாயிற்றுக்கிழமை நம் கோவிலில் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள்.

திருச்சபை இந்த விஷயத்தில் தெளிவாகப் பேசியிருக்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏட்டில், பாடகர் குழு செய்வது உண்மையான திருவழிபாட்டுப் பணி என்று சொல்கிறது. உங்கள் இடம் அவ்வளவு உயர்ந்தது. அதே ஏடு பாடகர் குழுக்களைக் கருத்தோடு வளர்க்கச் சொல்லிவிட்டு, கூடியிருக்கும் மக்கள் எல்லாரும் தங்களுக்குரிய பங்கைப் பாட வழிசெய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. 1967 மார்ச்சில் வந்த இறைஇசை பற்றிய அறிவுறுத்தல் இன்னும் வெளிப்படையானது: மக்களை முழுக்க ஒதுக்கிவிட்டு எல்லாப் பாடலையும் குழுவே பாடிவிடும் வழக்கம் ஏற்கத்தக்கதல்ல. இலத்தீனில் பூசை நடந்த காலத்தில் நம் பாட்டிமார் செபமாலை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தமிழ் வந்தது, எல்லாரும் பாடத் தொடங்கினார்கள். அந்த உரிமை இப்போது ஸ்பீக்கர் சத்தத்தில் கைநழுவிப் போகிறது.

ஆகவே ஒன்று கேட்கிறேன். இனிமேல் ஒவ்வொரு பூசை முடிந்ததும் "நாம எப்படிப் பாடினோம்?" என்று உங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு முன்னால், "ஊர் பாடியதா?" என்று கேளுங்கள். பாடற்பணிக்கான மனநிலை பற்றித் தியானங்களில் எவ்வளவோ சொல்கிறார்கள்; தாழ்ச்சி வேண்டும், செபம் வேண்டும், ஒப்புரவு அருட்சாதனம் (பாவசங்கீர்த்தனம்) பெற்று வர வேண்டும். எல்லாம் சரி. அந்தத் தாழ்ச்சி இருக்கிறதா இல்லையா என்பது சுருதியிலேயே தெரிந்துவிடும் என்பது என் அனுபவம்.

சுருதியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குழுவில் நன்றாகப் பாடும் ஒரு தங்கச்சிக்கு மேல் ஸ்தாயி அழகாக வரும். அவளுக்கு ஏற்ற மாதிரி டிரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திச் சுருதியை ஏற்றிவைக்கிறீர்கள். காலை ஐந்தரை மணிப் பூசைக்குத் தூக்கக் கலக்கத்தோடு வந்த பெரியவர்களின் தொண்டை அந்த உயரத்துக்குப் போகாது. இரண்டு கட்டை இறக்கினால் அந்தத் தங்கச்சியின் குரல் முன்போல் மின்னாது. ஆனால் ஊர் பாடும். அந்த இரண்டு கட்டையை இறக்க அவள் மனம் ஒப்புகிறதா என்பதுதான் கேள்வி. பல்லவியை மட்டும் பார்த்துச் சுருதி வைக்காதீர்கள், சரணத்தில் மிக உயரமான இடம் எது என்று பாருங்கள். அதை நாற்பது, ஐம்பது வயது தாண்டிய ஓர் ஆணும் பெண்ணும் சிரமமில்லாமல் தொட முடிகிறதா என்று பயிற்சியிலேயே யாரையாவது பாடவைத்துப் பாருங்கள். முதல் பூசைக்கு ஒரு சுருதி, இரண்டாம் பூசைக்கு ஒரு சுருதி என்று வைத்துக்கொள்வதிலும் தவறில்லை.

எக்கோவையும் குறையுங்கள். எக்கோ கூடினால் வார்த்தை கரைந்துவிடும். வார்த்தை கேட்காத பாட்டைக் கூடச் சேர்ந்து பாட யாராலும் முடியாது. ஸ்பீக்கர் பெட்டியின் சத்தத்தில் தன் குரலும் பக்கத்தில் நிற்பவர் குரலும் கேட்கவில்லை என்றால் ஒருவர் பாடுவதை விட்டுவிடுவார், இது மனித இயல்பு. ஒரு சரணத்துக்கு வாத்தியத்தை எல்லாம் நிறுத்திவிட்டு, குழுவும் மைக்கிலிருந்து விலகி நின்று பாடிப் பாருங்கள். முதல் வாரம் யாரும் பாடமாட்டார்கள். விடாமல் செய்யுங்கள்.

அன்றைய வாசகங்களோடு திருச்சபை விவிலியத்திலிருந்து ஒரு திருப்பாடலைக் (சங்கீதத்தைக்) கொடுத்திருக்கிறது. அதை விட்டுவிட்டு, கைக்கு வந்த ஏதோ ஒரு தியானப் பாடலைப் பாடுகிறோம். ஒருவர் பாட எல்லாரும் பதிலுரைக்கும் அமைப்பு அந்தத் திருப்பாடலில் இயல்பாகவே இருக்கிறது. அம்பா பாடிய ஊருக்கு இதைவிடப் பொருத்தமானது எது? இன்னொன்றும் உண்டு. திருப்பாடல்களில் ஏராளமானவை புலம்பல்கள். "எத்துணைக் காலம் ஆண்டவரே" என்று கேட்பவை. இலங்கைச் சிறையில் மகன் அடைபட்டிருக்கும் தாய் ஒருத்தி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிறுதோறும் வேகத் தாளத்தில் வெற்றிப் பாட்டுகளையே பாடினால் அவள் எதைப் பாடுவாள்? அவளுக்கான வார்த்தையை வேதமே எழுதிவைத்திருக்கிறது. அதை அவள் கையில் கொடுக்கும் பொறுப்பு உங்களுடையது.

பயிற்சி நாளைப் பற்றி. பல பங்குகளில் சனிக்கிழமை மாலைதான் பயிற்சி. நம் பக்கத்து விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போகின்றன. சனிக்கிழமை போன படகு ஞாயிறு காலைதான் கரைக்கு வரும். அப்படியானால் படகில் போகும் பிள்ளைகள் ஒருவர்கூடக் குழுவில் இருக்க முடியாது என்று நாமே முடிவு கட்டிவிட்டோம். கல்லூரிப் பிள்ளைகளும் ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகளும் மட்டும் பாடும் குழுவாக அது ஆகிவிடுகிறது. வெள்ளிக்கிழமை மாலைக்கு மாற்றுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கட்டிக்கிடக்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். ஊருக்குப் புதுப்பாட்டு சொல்லிக்கொடுக்க அதைவிட நல்ல காலம் கிடைக்காது. பூசைக்குப் பத்து நிமிடம் முன்னால் ஒரே ஒரு பாட்டு, ஒரே ஒரு பல்லவி. அதையே ஒரு மாதம் பாடுங்கள். யூடியூபில் வெள்ளிக்கிழமை கேட்டு ஞாயிறு பாடி அடுத்த வாரம் மறந்துவிடும் பாட்டால் யாருக்கும் பயனில்லை.

பக்தி இருந்தால் போதும், பயிற்சி எதற்கு என்று நினைப்பவர்களும் உங்களில் உண்டு. அவர்கள் விவிலியத்தில் குறிப்பேடு முதல் நூலைத் திறந்து பார்க்கட்டும். கெனனியா என்ற லேவியரை (ஆலயப் பணிக்குரிய குலத்தவரை)ப் பாடலுக்குத் தலைவராக வைத்ததற்குக் காரணம், அவர் அதில் தேர்ந்தவர் என்பதுதான். ஆண்டவருக்குப் பாடுவதில் பயிற்சி பெற்றவர்கள் 288 பேர் என்று எண்ணிக்கையே தருகிறது 25ஆம் அதிகாரம். பாடகர்கள் இரவும் பகலும் தங்கள் பணியில் இருந்ததால் மற்ற வேலைகளிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள் என்பதையும் அந்த நூலில் காணலாம். அதனால், கீபோர்டு வாசிக்கும் தம்பிக்குப் பங்கு ஒரு தொகை கொடுத்தால் அதைக் குறையாகப் பேசாதீர்கள். அவன் மற்ற வேலையை விட்டுவிட்டு வருகிறான்.

அதே 25ஆம் அதிகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி ஒன்று உண்டு. யாருக்கு எந்த முறை என்பதற்குச் சீட்டுப் போட்டார்கள். சிறியவர் பெரியவர், ஆசிரியர் மாணவர் என்ற வேறுபாடு பார்க்கவில்லை. கிறிஸ்துமஸ் இரவுப் பூசையில் தனிக்குரல் யாருக்கு என்பதில் எத்தனை குழுக்கள் உடைந்திருக்கின்றன! நம் பக்கத்துப் பங்கு ஒன்றில் அக்கா தங்கை முறை உள்ள இரண்டு பேர் இதற்காகப் பேச்சை நிறுத்தி, ஒரு குழு முதல் பூசைக்கும் இன்னொரு குழு இரண்டாம் பூசைக்கும் என்று பிரிந்து போனார்கள். இரண்டு பேரும் திருவிருந்துப் பாடல் பாடுகிறார்கள், ஒரே அப்பத்தைப் பற்றி. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்று ஆண்டவர் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் சொன்னதற்குப் பாட்டுக் காணிக்கை விதிவிலக்கு ஆகாது. இந்த வருடம் சீட்டெழுதிப் போடுங்கள். சின்னப் பெண்ணின் பெயர் வந்தால் அவளே பாடட்டும், மூத்தவர்கள் அவளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பாட்டின் இனிமையில் மயங்குவதைப் பற்றி எச்சரித்தவர் புனித அகுஸ்தினார். பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தன்னை அதிகம் அசைத்தால் அது தன் குற்றம் என்று அவர் இறைவனிடம் அறிக்கையிட்டார். இத்தனைக்கும் பாட்டு வேண்டாம் என்று அவர் முடிவெடுக்கவில்லை. திருமுழுக்குப் பெற்ற நாட்களில் கோவில் பாட்டைக் கேட்டுக் கண்ணீர் விட்டதையும் நினைத்துப் பார்த்து, அதன் பயனை ஏற்றுக்கொண்டார். எவ்வளவு நேர்மையான மனது! கேட்பவருக்கே அந்தக் கவனம் என்றால், பாடுகிறவர்களுக்கு எவ்வளவு வேண்டும்.

அந்தக் கவனத்தோடு சேர்ந்ததுதான் எப்போது நிறுத்துவது என்று தெரிந்திருப்பதும். குருவானவர் நற்கருணை மன்றாட்டைச் சொல்லும்போது வேறு பாடலோ வாத்தியமோ ஒலிக்கக் கூடாது என்பது பூசை ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. குருவானவர் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்தும் எழுந்தேற்ற நேரத்தில் பின்னால் மெதுவாகக் கீபோர்டில் இழுத்துக்கொண்டிருப்பது நமக்கு உருக்கமாகத் தோன்றலாம். வேண்டாம். தவக்காலத்தில், நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் நீங்கலாக, வாத்தியங்கள் பாடலைத் தாங்கிப் பிடிக்க மட்டுமே. பெரிய வியாழன் மாலை "உன்னதங்களிலே" பாடும்போது ஒலித்த மணி, பாஸ்கா இரவு (ஈஸ்டருக்கு முந்திய இரவு) மறுபடி அதே பாடல் வரும் வரை ஒலிக்காது, மரக்கட்டைதான் தட்டுவோம். அந்த இரண்டு நாள் வெறும் குரலில் பாடத் தெரியாத குழு, மற்ற நாட்களில் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் எனக்கு நிறைவு தராது. மறையுரை தொடங்கியதும் குழு எழுந்து வெளியே டீ குடிக்கப் போவதையும், பூசை நடுவில் சேனலுக்கு வீடியோ எடுப்பதையும் பற்றி நான் நீட்டி எழுதத் தேவையில்லை. வீடியோவைப் பயிற்சி நாளில் எடுங்கள்.

இனி என் மனதை மிகவும் வருத்தும் விஷயத்துக்கு வருகிறேன். படகு உரிமையாளர் வீட்டுக் கல்யாணப் பூசைக்குக் குழு முழுக்க வருகிறது, ஒரே நிறத்தில் உடுத்திக்கொண்டு வருகிறது. கூலிக்குப் படகேறும் தொழிலாளி இறந்தால் அடக்கப் பூசைக்கு இரண்டு பேர் வருகிறார்கள். சில நேரம் அதுவும் இல்லை, உபதேசியார் ஒருவரே எடுத்துக் கொடுத்து, அழுது தொண்டை கட்டிய வீட்டுப் பெண்கள் வாங்கிப் பாடுகிறார்கள். கடலில் போனவர் உடல் கிடைக்காத வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? சவப்பெட்டி இருக்காது. படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி இருக்கும். அடக்கம் செய்யக்கூட ஒன்றுமில்லாத அந்த வீட்டில் பாட்டையும் செபத்தையும் விட்டால் வேறு எதுவும் கிடையாது. ஒரு குழுவின் மனநிலையைத் திருவிழா மேடையில் வைத்து நான் அளப்பதில்லை, அந்த வீட்டு வாசலில் வைத்துத்தான் அளக்கிறேன். "உங்கள் பாடல்களின் இரைச்சலை என்னிடமிருந்து அகற்றுங்கள்" என்று இறைவாக்கினர் ஆமோஸ் வழியாக ஆண்டவர் சொன்னது, ஏழையைப் பார்க்காமல் பாடியவர்களிடம்தான். குழுவில் ஒரு விதி வையுங்கள்: யார் வீட்டுச் சாவானாலும் குறைந்தது ஐந்து பேர், இரவு செபத்துக்கும் அடக்கத்துக்கும். விடுமுறை எடுக்க முடியாதவர்கள் இரவு செபத்துக்கு வரலாம்.

குருக்களுக்கும் பங்குப் பேரவைக்கும் இதில் ஒரு வார்த்தை உண்டு. கொடியேற்றத்துக்கும் தேர்பவனிக்கும் வெளியூரிலிருந்து இசைக்குழுவை வரவழைக்கிறீர்கள். சொந்தப் பிள்ளைகள் ஒன்பது நாள் நவநாளிலும் பாடிவிட்டு, பெரிய நாளில் கீழே நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். தங்கச்சிமடம் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு மற்ற மதத்துச் சகோதரர்களும் வந்து கும்பிடுகிறார்கள். அவர்கள் கேட்க வேண்டியது நம் ஊர்க் குரலை. இசைக்குழுவுக்குக் கொடுக்கும் தொகையில் ஒரு பங்கைப் பிள்ளைகளின் பயிற்சிக்குச் செலவழியுங்கள். இசைப் பயிற்சியோடு திருவழிபாட்டுப் பயிற்சியும் ஆன்மிகப் பயிற்சியும் கொடுக்க வேண்டும் என்று அந்த 1967ஆம் வருட அறிவுறுத்தலே சொல்கிறது. வருடத்தில் ஒரு நாளாவது அவர்களுக்காகத் தியானம் வையுங்கள்.

மைக் செட் பார்க்கும் தம்பியை மறந்துவிடாதீர்கள். நம் உப்புக்காற்றில் ஒயர் முனையெல்லாம் பச்சை பூத்துப்போகும், ஜாக்கைச் செருகினால் கரகரவென்று இரையும். சனிக்கிழமை தனியாக உட்கார்ந்து உப்புத்தாள் கொண்டு ஒவ்வொன்றாகத் தேய்த்துத் துடைத்து வைக்கும் பிள்ளையை நான் அறிவேன். அவன் பெயரை எந்த நன்றியுரையிலும் சொன்னதில்லை. அவனும் பாடற்பணிதான் செய்கிறான். நீங்கள் பாடுமுன் வட்டமாக நின்று செபிக்கும்போது அவனையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது எங்கள் பக்கத்திலிருந்து. பெரிய வெள்ளி இரவில் பாடுபட்ட சுரூபத்தைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் பாடும் புலம்பல் மெட்டுகள் எங்கள் ஊரில் இப்போது வயதான சில பெண்களிடம் மட்டுமே இருக்கின்றன. அவை எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. சொல் கிடைத்தாலும் இழுப்பு கிடைக்காது. அவர்களிடம் நான் பேசிவிட்டேன். பிள்ளைகள் வந்தால் சொல்லித்தரத் தயார் என்கிறார்கள். தடைக்காலத்து ஞாயிறுகளில், நற்கருணை ஆசீர் முடிந்தபின் கோவில் மண்டபத்தில் உட்காரலாம். செல்போனைக் கொண்டுவாருங்கள், பதிவு செய்துகொள்ளுங்கள். கீபோர்டு தம்பியும் வரட்டும். அவர்கள் எந்தச் சுருதியில் எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு, அதை மாற்றாமல் வைத்துக்கொள்ளட்டும். மற்ற ஊர்களிலும் இப்படிப் பாட்டிமார் இருப்பார்கள். இந்த வருடமே தேடிப் போய்க் கேளுங்கள்.

கிறிஸ்துவில் அன்புடன்,
பாம்பன் பக்கத்துப் பங்கொன்றின் முன்னாள் பாடல் பொறுப்பாளர்